நடப்பதற்கு முன் ஒரு கடைவலம்

ஜொகூரில் ஒரு வாரம் வழிகாட்டியோடு காடு மலை நடக்கப் பெயர் கொடுத்தவர் முதலில் நடப்பதில்லை. கடைக்குப் போகிறார், அதுவும் காரில். மழைச்சட்டை, மடக்குத் தடி, அட்டை ஏறாத காலுறை என்று பை நிரம்பிய பிறகுதான், அதைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும் என்பது உறைக்கும்.

திட்டம் பெரியது. பழக்கத்துக்குக் குளுவாங்கில் குனோங் லம்பாக், 510 மீட்டர். அப்புறம் எண்டாவ் ரொம்பின் காட்டில் ஜக்குன் பூர்வகுடி வழிகாட்டியின் பின்னால். கடைசியில் குனோங் லேடாங், 1,276 மீட்டர், மாநிலத்திலேயே உயரம்.

காலணிக்குத்தான் பெருஞ்செலவு. ஐரோப்பியப் பனிமலைக்குச் செய்த பூட்ஸ், ஜொகூர்ச் சேற்றில் வாய் பிளக்கும். முன்னே போகிற வழிகாட்டியின் காலைப் பாருங்கள்: ஒரே வார்ப்பில் செய்த கறுப்பு ரப்பர் சப்பாத்து. ‘அடிடாஸ் கம்போங்’ என்று செல்லப்பெயர். தோட்டத்தில் பால்மரம் சீவுபவர்கள் போட்டது அதுதான்.

நம் தாத்தா பாட்டியும் விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய், நிரை நிரையாக மேடு பள்ளம் நடந்தவர்கள்தாம். அவர்களுக்கும் வழிகாட்டி உண்டு, கங்காணி. கட்டணம் கிடையாது, சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். பேரன் அதே அட்டைக்கடிக்கு முன்பணம் கட்டிவிட்டு, படம் பிடித்துப் போடுகிறான். முன்னேற்றம்தான்.

பூட்ஸ் இன்னும் வாங்காதவர்கள் மளிகைக்கடைப் பக்கம் போங்கள். அந்த ரப்பர் சப்பாத்தை ஓர் அளவு பெரிதாகக் கேளுங்கள். தடித்த காலுறைக்கு இடம் வேண்டும்.