எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டு மாப்ள!

வீட்டைச் சுத்திப் பார்த்துட்டேன் மாப்ள. வேளச்சேரியில இந்த விலைக்கு ஒரு பழைய வீடு அமைஞ்சது உன் யோகம். அடுப்படியை இடிக்கிற, நடுச்சுவரை எடுக்கிற, மொட்டை மாடித் தளத்தைக் கொத்துற. பேஷ். நாளைக்கு மேஸ்திரி நாலு ஆளோட கடப்பாரை தூக்கிக்கிட்டு வர்றாராமே. ரெண்டே நாள்ல வேலை முடிஞ்சிருமாம். ரப்பீஸையும் அவரே அள்ளிருவாராம், எல்லாத்துக்கும் சேத்து ஒரே தொகையாம். கேக்கவே குளுகுளுன்னு இருக்கு. எங்க கொண்டுபோய்க் கொட்டுவீகன்னு மட்டும் வாய் தவறிக் கேட்டுறாத. பாவம், பிள்ளகுட்டிக்காரரு, பொய் சொல்ல வேண்டி வரும்.

அவர் சொல்லாட்டி என்ன, நான் சொல்றேன். ராத்திரி தெரு அடங்கினதும் குட்டியானை கெளம்பும். பள்ளிக்கரணைப் பக்கம் இருட்டான எடமாப் பார்த்து நிக்கும். பின்கதவைத் தட்டி விட்டா அஞ்சு நிமிசத்துல சோலி முடிஞ்சுது. அந்தச் சதுப்பு நிலத்தை 2022ல ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல சேத்துருக்காங்க. உலகமே பார்க்கிற எடத்துல உன் வீட்டு அடுப்படிச் சுவரும் கெடக்கும்னா நம்ம வம்சத்துக்கே பெருமைதான? என்ன ஒண்ணு, ஐப்பசி கார்த்திகையில மழைத்தண்ணி போய்த் தங்குற எடமும் அதுதான். அங்க எடம் இல்லேன்னா தண்ணி எங்க போகும்? 2015 டிசம்பர்ல உங்க ஏரியாவுல எதுவரைக்கும் நின்னுச்சுன்னு பக்கத்து வீட்டுல கேட்டுப் பாரு. சுவத்துல கோடு போட்டே வச்சிருப்பாக.

கணக்குலயும் மேஸ்திரி கெட்டிக்காரருதான். நிக்கிற சுவரை அளந்து இத்தனை லோடுன்னு சொல்லிருப்பாரு. இடிச்சுப் போட்டா அதே சுவரு ஒண்ணரை மடங்கு பொங்கும்ப்பா. ஒரு யூனிட்டுங்கிறது நூறு கன அடி. செங்கலும் காரையுமாக் கலந்தா மூணரை, நாலு டன்னுக்குக் கொறையாது. குட்டியானை தாங்குறது முக்கா டன்னு. யூனிட்டுக்கு எத்தனை நடைன்னு நீயே வகுத்துக்க, இஞ்சினியருக்குப் படிச்ச புள்ளைதான நீ. கடைசி நாள்ல, "சார், நெனச்சதை விட ஜாஸ்தியாயிருச்சு"ன்னு தலையைச் சொறிவாரு. நீயும் பர்ஸைத் திறப்ப.

பிரிச்சுப் பிரிச்சு எடுக்கச் சொல்லலாமேன்னு உன் வீட்டுக்காரி கேட்டுச்சாம்ல. அந்தப் புள்ளைக்கு வேற வேலை இல்லை. பிரிக்கிறதுன்னா எவ்வளவு தொல்லை தெரியுமா? மொத நாள் கடப்பாரையையே தொடக் கூடாது. திருப்புளியும் குறடும்தான். கதவு ஜன்னலை நிலையோட கழட்டணும், வயரை உருவணும், குழாயைப் பிரிக்கணும். செம்புக் கம்பிக்கும் பித்தளைக் குழாய்க்கும் காயலான் கடைக்காரன் எடை போட்டுக் காசு குடுப்பான். காசை வாங்கி எண்ணணும். எதுக்கு இந்த வம்பு? எல்லாத்தையும் சுவரோட சேத்து இடிச்சா, அந்தத் தொல்லையை மேஸ்திரி ஆளுக ஏத்துக்குவாங்க. சாயங்காலம் மண்ணைக் கிளறி வயரைப் பொறுக்கிக்கிட்டுப் போவாங்க பாரு, என்ன தியாகம்!

பின்பக்கச் சுவத்தைச் சாவியால லேசாச் சுரண்டிப் பார்த்தேன் மாப்ள. வெள்ளையா மாவு மாதிரி உதிருது. சுண்ணாம்புக் காரை. முன்பக்கம் சுரண்டினா சாவிதான் தேயுது, அது பின்னால வந்தவன் சேத்த சிமெண்டுச் சுவரு. சிமெண்டுல கட்டினதை இடிச்சா செங்கல் உடையுமே ஒழிய காரை விடாது. சுண்ணாம்புச் சுவரு அப்படி இல்லை. மேல இருந்து வரிவரியா எடுத்து, கொத்துக்கரண்டி முனையால ரெண்டு தட்டுத் தட்டினா முழுக்கல்லாக் கையில வரும். காம்பவுண்டுச் சுவத்துக்கு அந்தக் கல்லே போதும். நீ அதை ரப்பீஸுன்னு காசு குடுத்து வெளிய அனுப்பிட்டு, புதுக் கல்லைக் காசு குடுத்து உள்ள எறக்கு. ரெண்டு பக்கமும் லாரிக்காரன் பொழைக்கட்டும்.

ஹால்ல தொங்குற ஃபால்ஸ் சீலிங்கையும் உடைச்சு அதே குவியல்ல போடு. அது ஜிப்சம். காங்கிரீட்டுக் கட்டியோட கலந்துருச்சுன்னா, அதை அரைச்சு வர்ற ஜல்லியைப் போட்டுக் கட்டுற காங்கிரீட்டு நாளடைவுல வெடிக்கும், பாயசத்துல பல்லி விழுந்த கதைதான். பெருங்குடியிலயும் கொடுங்கையூர்லயும் கட்டட இடிபாட்டை அரைக்கிற ஆலை இருக்கு. மணலாவும் ஜல்லியாவும் பேவர் கல்லாவும் வெளிய வருது. காங்கிரீட்டை அரைச்சு வர்ற அந்த ஜல்லியை ஏதோ ஒப்புக்குன்னு நெனைக்காத. 2016ல வந்த ஐஎஸ் 383 தரவிதி, கம்பி போடாத காங்கிரீட்டுல நூத்துக்கு 25 பங்கு வரைக்கும் இதைச் சேக்கலாம்ங்குது. கம்பி போட்டதுன்னா எம்25 தரம் வரைக்கும் 20 பங்கு. ஆனா ஆலைக்காரனுக்கும் சுத்தமான கட்டிதான் வேணும். உன் குவியல்ல டைல்ஸ், தெர்மோகோல், பெயிண்டு டப்பா, சித்தாளு சாப்பிட்டுப் போட்ட பிரியாணிப் பொட்டலம் எல்லாம் ஒண்ணா மண்டிக் கெடந்தா அவன் என்னத்தை அரைப்பான்?

இந்த எடத்துல மட்டும் வெளையாட்டு வேணாம் மாப்ள. பின்கட்டுல ஒரு சிமெண்டு சீட்டு இருக்கே, அது ஆஸ்பெஸ்டாஸ். மேல இருந்து போட்டு ஒடைக்க விட்றாத. அதுல இருந்து பறக்குற தூசி நுரையீரல்ல போய்த் தங்குச்சுன்னா வருசக்கணக்காச் சத்தமில்லாம இருந்துட்டு அப்புறம் ஆளையே சாய்ச்சிரும். தண்ணி தெளிச்சு நனைச்சு, போல்ட்டைக் கழட்டி, முழுசா எறக்கி, தார்ப்பாயில சுத்தித் தனியா வையி. பழைய டியூப் லைட்டையும் சேக்காத, அதுல பாதரசம். கதவு ஜன்னல்ல இருக்குற பழைய பெயிண்டைக் காய்ஞ்சபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது. பெயிண்டுல ஈயத்தைக் கட்டுப்படுத்துற விதி அமலுக்கு வந்ததே 2017 கடைசியிலதான். வீட்டுல கைக்குழந்தை இருக்கு.

மத்தபடி உன் இஷ்டம். எங்க கொட்டுனா எனக்கென்னன்னு இருக்காத. குப்பையைப் பிரிச்சு ஒப்படைக்க வேண்டியது அதை உண்டாக்குனவன் பொறுப்புன்னு 2016லயே விதியில எழுதிட்டாங்க. மேஸ்திரி பேரு எங்கயும் வராது, பட்டாவுல இருக்குறது உன் பேருதான். ரோட்டை அடைச்சுக் குமிச்சா, எதிர் வீட்டு ரிட்டையர்டு ஆளு மாநகராட்சியோட 1913 நம்பருக்கு அடிச்சுச் சொல்லிட்டுத்தான் காப்பியே குடிப்பாரு. அவருக்கு முந்தி நீயே அதே நம்பருக்கு அடிச்சு, வண்டி வருமா, எவ்வளவு ஆகும்னு கேட்டுக்க. கேட்டா ஒண்ணும் கொறைஞ்சு போகாது.

சரி, மேஸ்திரிக்குப் போனைப் போடு. கடப்பாரையை ரெண்டு நாள் கழிச்சு எடுத்துட்டு வரட்டும். நாளைக்கு ஒரு தச்சாசாரி போதும். அந்த முன்வாசக் கதவு இருக்கு பாரு, பர்மாத் தேக்கு, அதை மட்டும் காயலான் கடைக்காரன்கிட்டக் காட்டாத, கண்டபடி விலை கேப்பான். பழசுதான், யாருக்கு ஆகப்போகுது? ஊர்ல என் மாட்டுக் கொட்டத்துக்கு வாசல் தெறந்து கெடக்கு, அங்க அனுப்பிரு. மாடு ஒண்ணும் சொல்லாது. லாரி வாடகையை நீயே குடுத்துரு, மாமன்கிட்டப் போயி அதைக் கேட்டுக்கிட்டு நிப்பியாக்கும்.