ஏறுநெற்றி இயல்: ஆண்மகன் தலை திரிந்து பாலையாவது குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தமிழறிஞர் கூடும் கருத்தரங்குகளில் மேடையிலிருந்து பார்த்தால் முதல் மூன்று வரிசைகளில் பளபளவென்று ஒரு பொருள் தெரியும். அந்தப் பொருள் பற்றி அங்கே கட்டுரை வாசித்தவர் எவரும் இலர். யாழின் நரம்பு முதல் கவரிமாவின் மயிர்வரை பலரும் ஆராய்ந்து முடித்தாயிற்று. ஆராய்ந்தவர் தலை மட்டும் ஆராய்வாரின்றிக் காலியாகிக்கொண்டே போகிறது. அக்குறையை நீக்குவதே இவ்வியலின் நோக்கம்.

இக்கட்டுரை நிறுவ முற்படும் கருதுகோள் ஒன்றே. முடி குறைவது தலைக்கு உரியவனுக்குத் தெரியுமுன் அவன் கைக்குத் தெரிந்துவிடுகிறது. கை அதைப் பக்குவமாக மறைத்து வாரிவிட்டு, உரியவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிடுகிறது. ஆகவே வழுக்கையின் முதற்குறியைத் தலையில் தேடுவார் ஏமாறுவர், கையில் தேடுக.

2. முன்னோர் மொழிந்தவை

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் நூற்பாக்களில், விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றொரு குறிப்பு உண்டு. அதற்குச் சான்று தேட உலகம் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 1942இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன், பருவமெய்துமுன் விதை இழந்தவர்களுக்கு வழுக்கை விழாததையும், அவர்களுள் வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ஆண் ஹார்மோனைச் செலுத்தினால் விழத் தொடங்குவதையும் எடுத்துக் காட்டினார். ஆக, இதற்கு முற்றும் பலன் தரும் தடுப்பு முறை ஒன்று கிறித்துவுக்கு முன்பே தெரிந்திருந்தது. மேற்கொள்ள முன்வந்தோர்தாம் குறைவு.

ஜூலியஸ் சீசர், உச்சியில் மிஞ்சிய சொற்ப முடியை முன்னுக்கு வாரிவிடுவாராம். தமக்கு வழங்கப்பட்ட சிறப்புகள் அத்தனையிலும், எந்நேரமும் இலைமாலையைத் தலையில் சூடிக்கொள்ளும் உரிமையைத்தான் பெரிதும் விரும்பினாராம். எழுதிவைத்தவர் சூடோனியஸ். வாளேந்திய கையும் சீப்புக்கு அடங்கிய கைதான் என்பது இதனால் பெறப்படும்.

வழுக்கையைப் போற்றினாரும் உளர். தியோன் கிறிசோஸ்தம் தலைமுடியைப் புகழ்ந்து எழுதியதற்கு மறுப்பாக, சைரீன் நகரத்துச் சினேசியஸ் வழுக்கையைப் புகழ்ந்து ஒரு நூலே செய்தார். பின்னாளில் ஆயராகவும் ஆனார். ஹுக்பால்ட் என்ற ஐரோப்பியத் துறவி, வழுக்கைக்குரிய லத்தீன் சொல்லின் முதலெழுத்திலேயே ஒவ்வொரு சொல்லும் தொடங்கும்படி ஒரு நெடும்பாட்டை இயற்றினார். நம் காளமேகம் தகர வரிசையில் காட்டிய வித்தையை, அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே ஒருவர் வழுக்கைக்காகச் செய்து முடித்துவிட்டார்.

3. நிலப்பகுப்பு

சிலப்பதிகாரம் பாலைக்குத் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்கிறது. தலைக்கும் இதே இலக்கணம். முன்மண்டை முல்லை, சுழி இருக்கும் உச்சி குறிஞ்சி, காதோரமும் பிடரியும் மருதம், உப்புநீர் வடியும் நெற்றி நெய்தல். ஆண் வழுக்கையில் திரிவன முதலிரண்டு நிலங்களே. மருதம் கடைசிவரை விளைகிறது. எண்பது வயதுத் தாத்தாவும் மாதம் ஒருமுறை சலூனுக்குப் போவது அந்த விளைச்சலை அறுக்கத்தான்.

திரியும் முறையை ஹாமில்டன் 1951இல் வகைப்படுத்தினார். 1975இல் ஓ'டார் நார்வுட் அதைச் செப்பனிட்டு ஏழு நிலைகளாக்கினார். முதல் நிலையில் குறையொன்றும் இல்லை. இரண்டில், நெற்றியின் இரு ஓரமும் முக்கோணமாக லேசாக உள்வாங்கும். மூன்றில் அது ஆழமாகும், அல்லது உச்சியில் வட்டம் தோன்றும். நான்கிலும் ஐந்திலும் முன்னும் உச்சியும் ஒன்றையொன்று நெருங்கும். ஆறில் இரண்டுக்கும் நடுவிலிருந்த பாலம் போய்விடும். ஏழில் காதிலிருந்து காதுவரை லாட வடிவில் மருதம் மட்டும் எஞ்சும். இதில் ஒரு நுட்பம் உண்டு. மூன்றாம் நிலையில் இருப்பவரைக் கேட்டால் "எனக்குச் சின்ன வயசுலேருந்தே நெத்தி கொஞ்சம் அகலம்" என்பார். ஐந்தாம் நிலையில் இருப்பவரும் அதையே சொல்வார்.

4. முதற்குறிகள்

அ) சீப்புக்குறி. இடமிருந்து வலம் வாரிய கை, ஒரு நாள் தானாகவே பின்னிருந்து முன் வாரத் தொடங்கும். வகிடு காதை நோக்கி நூலிழை நூலிழையாக இறங்கும். "என்ன புது ஸ்டைலா?" என்று கேட்டால், "சும்மா" என்பதே விடை. இந்தச் 'சும்மா'வே நம் கருதுகோளின் தலைசிறந்த சான்று.

ஆ) படக்குறி. குழுவாகப் படமெடுக்கையில் உயரமானவர்கள் பின்னால் நிற்பது வழக்கம். குள்ளமான ஒருவர் தாமாகப் பின்வரிசைக்குப் போய், மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து நின்றால் கவனிக்க. மாடியிலிருந்து எடுத்த படம் மட்டும் குடும்ப வாட்ஸப் குழுவில் யார் கண்ணிலும் படாமல் அழிந்துபோவதும் இதன்பாற்படும். ஜாதகத்தோடு போகும் மாப்பிள்ளைப் படத்தையும் இங்கே சேர்க்கலாம். பிறந்த நேரத்தை நொடிவரை கேட்பவர்கள், படம் எடுத்த தேதியைக் கேட்பதில்லை.

இ) திரைக்குறி. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடம். தலைக்கு மேலே கேமரா, எதிரே அதன் திரை. அதில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் கூடையோடு நிற்கிறார். உச்சியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளிச்சம். 'பாவம், இந்த வயதிலேயே' என்று நம்மவர் மனதுக்குள் இரங்குகிறார். கூடை கனக்கிறதே என்று வலக்கைக்கு மாற்றுகிறார். திரையில் இருப்பவரும் மாற்றுகிறார். அதற்குப்பின் மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கிப் போகிறார்.

ஈ) சலூன்குறி. முடி வெட்டி முடித்ததும் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து, "போதுமாண்ணே?" என்று காட்டுவது தொழில் முறை. ஒரு கட்டத்துக்குப் பின் அவர் கண்ணாடியை எடுப்பதில்லை; துண்டை உதறிவிட்டு அடுத்தவரை அழைக்கிறார். நாகரிகத்தின் உச்சம் இது. பதிலுக்கு நாமும் வெட்டிய முடிக்கும் கொடுக்கும் காசுக்கும் உள்ள விகிதத்தைக் கேட்பதில்லை.

உ) அத்தைக்குறி. மேற்கண்ட நாகரிகம் எதுவும் அறியாதது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்கும் நமக்கும் நடுவே குனிந்து, "என்னடா தம்பி, நெத்தி இப்படி ஏறிக் கெடக்கு? அந்த ஊரு தண்ணி சேரலையா?" என்று அடுத்த இலைக்காரருக்கும் கேட்கும்படி வரும். ஆண்டுக்கொருமுறை மட்டும் பார்ப்பவர் என்பதால் அத்தையின் கண்ணே எல்லா அளவுகோலிலும் நம்பத்தக்கது. தினமும் பார்க்கும் கண்ணாடி மெல்ல மெல்லப் பழக்கிவிடும், அத்தை பழக்குவதில்லை.

தலையணையில் உதிர்ந்த முடியை எண்ணுவாரும் உளர். அது பெரும்பாலும் வீண்வேலை. தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி உண்டு. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. எண்ணிக்கையைவிடப் பருமனைப் பார்ப்பதே முறை. முன்னே விழுந்த இழையையும் பிடரியில் பிடுங்கிய இழையையும் வெள்ளைத் தாளில் அருகருகே வைத்தால், முன்னது குட்டையாகவும் பூனைமுடிபோல் மெலிந்தும் இருக்கிறதா என்று காணலாம். மெலிந்திருந்தால், முல்லை திரியத் தொடங்கிற்று.

5. காரணம் பற்றிய கொள்கைகள்

காரணம் கூறுவோர் மூவகையினர். தண்ணீர்வாதிகள் எல்லாப் பழியையும் ஆழ்துளைக் கிணற்றின்மேல் போடுவர். கவசவாதிகள் ஹெல்மெட்டைச் சொல்வர்; அபராதச் சீட்டு வாங்கியவர்கள் இப்பள்ளியில் மிகுதி. மாமன்வாதிகள் தாய்மாமன் தலையைப் பார்க்கச் சொல்வர்.

முதலிருவரும் பிழைபட்டனர். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கலாம், இழையை முறிக்கலாம். மயிர்க்காலை ஒன்றும் செய்வதில்லை. ஹெல்மெட்டும் அப்படியே. தண்ணீரோ தலைக்கவசமோ காரணமானால் பிடரி மட்டும் தப்பியது எப்படி என்ற வினாவுக்கு இரு பள்ளியாரும் விடை கூறிற்றிலர்.

மாமன்வாதிகள் பாதி சரி. ஆண் ஹார்மோனை ஏற்கும் ஏற்பிக்குரிய ஒரு முக்கிய மரபணு தாய்வழி வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆனால் தந்தைவழி வருவன உட்பட வேறு பல மரபணுக்களும் இதில் கைகலக்கின்றன. குழந்தைக்கு முதல் மொட்டை மாமன் மடியில் வைத்துப் போடுவது நம் வழக்கம். சொத்துக்கு உரியவர் முன்னிலையிலேயே சாசனம் நடக்கிறது. மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்பது மட்டும் பொய். சிரைக்கும் கத்தி மயிர்க்கால்வரை போவதில்லை.

நடப்பது இதுதான். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனை ஒரு நொதி டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. அதைக் கண்டால் முன்மண்டை, உச்சி மயிர்க்கால்கள் சுருங்கும்படி மரபு சிலருக்கு விதித்துள்ளது. இரண்டு முதல் ஆறு ஆண்டுவரை வளர வேண்டிய முடி, சுற்றுக்குச் சுற்றுக் குறுகிய காலமே வளர்ந்து மெலிந்து விழுகிறது. ஆக, முடி திடீரென்று போவதன்று. ஆண்டுக்கணக்கில் இளைத்து இளைத்துப் போவது. முதற்குறியிலேயே கண்டுகொள்வார்க்குப் பயன் உண்டு என்பதும் இதனாலேயே.

6. புறனடை

எல்லா வறட்சியும் பாலையன்று. டைபாய்டு, டெங்கு போன்ற கடுங்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுதும் கொத்துக்கொத்தாகக் கொட்டுவது ஒருவகை. அது பெரும்பாலும் சில மாதங்களில் தானே திரும்பிவிடும். அதற்குள் என்ன எண்ணெய் தேய்த்தோமோ அந்த எண்ணெய்க்குப் புகழ் சேரும். காசு வட்டத்தில் வழவழவென்று திடீரெனத் தோன்றுவது புழுவெட்டு. அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மயிர்க்காலையே தாக்குவது அது. இரண்டுக்கும் தோல் மருத்துவரிடம் வழி வேறு. இவ்வியலில் அவற்றுக்கு இடமில்லை.

7. எதிர்வினைகள்

முதலாவது எண்ணெய்க் காண்டம். செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, வெந்தயம் எல்லாம் தேங்காயெண்ணெயில் காயும். சின்ன வெங்காயச் சாறு தலையில் ஏறும். அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்துவர். இழைக்கு எண்ணெய் நல்லது, முறிவது குறையும். ஆனால் ஹார்மோனை அது தடுத்ததாகச் சான்றில்லை. எண்ணெயில் போகும் காசு பெரிதன்று. போகும் ஆண்டுகளே பெரிது. மயிர்க்கால் உயிரோடு இருக்கும் காலமெல்லாம் வாணலியில் கழிந்துவிடுகிறது.

இரண்டாவது மூடுவாரல். இருக்கும் முடியை நீளவிட்டு இல்லாத இடத்தின்மேல் படுக்கவைப்பது. புளோரிடாவைச் சேர்ந்த ஃபிராங்க் ஸ்மித், டொனால்ட் ஸ்மித் என்னும் தந்தையும் மகனும், முடியை மூன்று பாகமாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வாரும் முறைக்கு 1977இல் அமெரிக்கக் காப்புரிமையே பெற்றனர், எண் 4,022,227. சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக்நோபல் பரிசு 2004இல் இதற்குக் கிடைத்தது. நம்மூர்ப் பேருந்தின் ஜன்னலோர இருக்கை இம்முறையை நாள்தோறும் மறுதலிக்கிறது.

மூன்றாவது மருந்து. மினாக்சிடில் 1979இல் அமெரிக்காவில் ரத்தக்கொதிப்புக்கான மாத்திரையாக வந்தது. விழுங்கியவர்களுக்கு வேண்டாத இடத்திலெல்லாம் முடி முளைக்கவே, 1988இல் தலையில் தடவும் மருந்தாக அனுமதி பெற்றது. முதல் சில வாரங்களில் கூடுதலாகக் கொட்டலாம்; பெரும்பாலோர் பயந்து நிறுத்துவது அங்கேதான். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும். நிறுத்தினால் சில மாதங்களில் வந்தது போய்விடும். ஃபினாஸ்டிரைடு 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997இல் குறைந்த அளவில், அதாவது 1 மி.கி. மாத்திரையாக, வழுக்கைக்கும் ஏற்கப்பட்டது. மேற்சொன்ன நொதியைத் தடுப்பது அதன் வேலை. சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறையலாம் என்பதால் மருத்துவரைக் கேளாமல் வாங்குவது தகாது. இரண்டும் இருப்பதைக் காப்பதில் வல்லவை. ஏழாம் நிலையில் தொடங்குவார்க்குக் காக்க என்ன இருக்கிறது?

நான்காவது நடவு. மருதத்து நாற்றைப் பறித்துப் பாலையில் நட்டாலும் அது மருதத்துப் பயிராகவே வளரும் என்று 1950களில் நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் காட்டினார். நாற்றங்கால் அளவுக்கு உட்பட்டது என்பதை நினைவில் கொள்க.

ஐந்தாவது துணிவு. பழனிக்கோ திருப்பதிக்கோ போய் மொட்டை போட்டுவிட்டால் வேண்டுதல் எதற்கென்று எவரும் கேட்பதில்லை. ரஜினிகாந்த் திரையில் முடியைக் கோதியதைப் பார்த்துக் கோதப் பழகியது ஒரு தலைமுறை. அதே ரஜினி விழா மேடைக்கு வழுக்கையோடு வந்து நின்றபோதும் கைதட்டு குறையவில்லை. ரசிகர்கள் கோதுவதை மட்டும் பின்பற்றினர்.

8. முடிபு

மேற்கூறியவற்றால் கருதுகோள் நிறுவப்பட்டது. பரிந்துரைகள் மூன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே விளக்கின் கீழ், உலர்ந்த தலையை நேர்மேலிருந்து படமெடுத்துத் தேதியிட்டு வைக்க. இரண்டு படத்துக்கிடையே வேறுபாடு கண்டால், வாணலியை ஏற்றுமுன் தோல் மருத்துவரைப் பார்க்க. பார்த்தபின் மருந்தா, மொட்டையா, அப்படியே விடுவதா என்பது அவரவர் உரிமை. வழுக்கையால் உயிருக்கு ஆபத்தில்லை, பணம் சேரும் என்றுகூட ஊரில் நம்புகிறார்கள்.

இக்கட்டுரைக்கு மறுப்புகள் வரவேற்கப்படுகின்றன. மறுப்போர் தம் படத்தை இணைத்தனுப்புக. முன்னிருந்து எடுத்தவை ஏற்கப்படா.