குறத்தி போட்ட கோலம்

ஸ்காபரோ, கனடா
2016 ஆனி 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம். முழங்காலுக்குத்தான் இன்னும் கனடா பிடிக்கேல்ல.

போன கிழமை எங்கட முதியோர் சங்கத்தால பஸ் பிடிச்சு றோயல் ஒன்ராறியோ மியூசியத்துக்குப் போனோம். பழைய பானை சட்டி காட்டுவாங்க எண்டு நினைச்சன். பார்த்தா, பச்சை குத்திற கண்காட்சி! சிலிக்கனில கை, கால், முதுகு எண்டு செய்து அதில குத்தி வைச்சிருக்காங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள தனிக் கையொண்டு கிடக்க, எங்கட ஐயா ஒருவர் "முருகா" எண்டு பின்வாங்கினார்.

விளக்கம் சொன்ன புள்ள ஒரு கதை சொன்னாள். 1991இல அல்ப்ஸ் மலைப் பனிக்குள்ள ஒரு மனிசன்ட உடம்பு கிடைச்சதாம். செத்து 5,300 வருசம். உடம்பில 61 பச்சை. இடுப்பு, முழங்கால், கணுக்கால் பக்கமும் இருக்காம். மூட்டு வருத்தத்துக்குச் செய்த வைத்தியமா இருக்கலாமாம். உடனே எங்கட ஆக்கள் முழுப்பேரும் குனிஞ்சு தங்கட முழங்காலைப் பார்த்தாங்க!

மறுகா 1891இல நியூயோர்க்கில ஓரைலி எண்டவர், எடிசன்ட மின்சாரப் பேனையைப் பார்த்துக் குத்திற மெசினுக்கு உரிமம் எடுத்த கதை. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. நம்மட குறத்திக்கு நூலில கட்டின ஊசி போதாதா?

புழுக்கத்தில சட்டைக் கையைச் சுருட்டினனா, என்ட பச்சைக் கோலத்தை அந்தப் புள்ள கண்டிட்டாள். மருமகள் "இதென்ன மாமி, மைக்கறையா?" எண்டு கேட்ட நாளில இருந்து நான் மூடித் திரியிற கை. "எந்த ஸ்டூடியோவில குத்தினது?" எண்டாள். "பனிச்சை மரத்தடி ஸ்டூடியோ. கூலி ரெண்டு கொத்து நெல்லு" எண்டன்.

மை செய்யிற விதத்தை நான் சொல்ல, கூட வந்த பேத்திதான் இங்கிலீசில சொன்னாள். மஞ்சளும் அகத்தியிலையும் அரைச்சுத் துணியில திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில எரிச்சு, மேல புதுச்சட்டி கவிழ்த்துக் கரி பிடிக்கிறது. அந்தக் கரிதான் தோலுக்குள்ள போய்ப் பச்சையாத் தெரியிறது. கரியைக் குழைக்கப் பிள்ளை பெத்திருந்த மாமிக்கிட்ட ஒரு சங்கு தாய்ப்பால் வாங்கினது எண்டதும், பேத்தி மொழிபெயர்க்கிறதை நிப்பாட்டிப்போட்டாள். நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினன். வெள்ளைக்காரக் கிழவிமார் என்னைச் சுத்திட்டாங்க கா! 78 வயசுக்காரி ஒருத்தி போன மாசம்தான் தோளில ரோசாப்பூக் குத்தினவளாம். தன்டய விட்டிட்டு என்டயத் தடவிப் பார்த்தாள்.

இப்ப வீட்டில சண்டை. அதே கோலம் தனக்கும் வேணுமாம் பேத்திக்கு. கடையில மணித்தியாலத்துக்கு 150 டொலர். எத்தனை கிலோ இறால் எண்டு நீயே கணக்குப் பார்.

ஒரு உதவி. என்ட கோலத்தில நடுப்பக்கம், பால்சோறு கொதிச்சு ஊத்துப்பட்டதில அழிஞ்சு போச்சு. உனக்குப் பாதிதான் குத்தினது. நீ கதறின கதறலுக்கு, வலைக்குப் பனிச்சங்காய்ச் சாயம் போட்டுக்கொண்டிருந்த அப்பா கறைக்கையோட ஓடிவந்து குறத்தியைக் கலைச்சுப்போட்டார். அந்தப் பாதியில நடுப்புள்ளி மூண்டா, அஞ்சா? கையைப் படமெடுத்து வைபரில அனுப்பு. சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு எடு கா. மீன் செதில் ஒட்டியிருந்தா அதையும் சேர்த்துக் குத்திப்போடுவாங்க.

இப்படிக்கு,
அக்கா