கம்ப்யூட்டர் சாருக்கு ஓ.டி.

பள்ளியில் அவருக்குத் தனியாகப் பெயர் கிடையாது. கம்ப்யூட்டர் சார், அவ்வளவுதான். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பைத்தான் நடத்துவது அவருடைய பல வேலைகளில் ஒன்று. கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் ஏறவில்லையா, ஹெச்.எம். போனுக்கு ஓ.டி.பி. வரவில்லையா, சத்துணவுக் கூடத்து மிக்ஸி சுற்றவில்லையா, கூப்பிடு கம்ப்யூட்டர் சாரை! கரண்ட்டில் ஓடும் எதுவும் அவர் பாடத்தில் அடக்கம் என்று ஸ்டாஃப் ரூம் எப்போதோ தீர்மானித்துவிட்டது. அதனால், கணினிக் கல்வி பற்றி இரண்டு நாள் மாநாடு, ஆன் டியூட்டி, அதாவது ஓ.டி. உண்டு என்று சுற்றறிக்கை வந்தால், அவர் முகத்தில் தெரிவது கல்வி ஆர்வமா விடுதலை உணர்வா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மாநாடு ஏதோ ஒரு கலை அறிவியல் கல்லூரியின் ஏ.சி. அரங்கில். வாசலிலேயே காகிதமில்லா வகுப்பறையை வரவேற்று ஒரு பிளெக்ஸ். அதற்குக் கீழே மேசை போட்டு, இரண்டு பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லி, அதன் ஜெராக்ஸையும் கேட்கிறார்கள். கைக்கு ஒரு பை வருகிறது. உள்ளே நோட்டு, பேனா, கட்டுரைகள் அடங்கிய சி.டி. அந்த சி.டி.யைப் போட்டுப் பார்க்க வழியுள்ள லேப்டாப் அரங்கில் ஒருவரிடமும் இல்லை. ஆனால் ஐ.எஸ்.பி.என். இருக்கிறது, கல்லூரிக்காரர்களுக்கு அது போதும்.

கூட்டத்தில் கம்ப்யூட்டர் சாரை அடையாளம் காண்பது சுலபம். சிறப்பு விருந்தினர் ஒல்லியான லேப்டாப்போடு மட்டும் வருவார். நம்மவர் தன் பத்து நிமிட உரையை மூன்று பென் டிரைவில் ஏற்றி, தனக்குத்தானே மெயிலும் அனுப்பி, பி.டி.எஃப். ஆக்கி, அதைப் பிரிண்ட்டும் எடுத்து ஃபைலில் வைத்திருப்பார். பையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கன்வெர்ட்டர். கம்ப்யூட்டரை நன்றாக அறிந்தவர்தான் அதைக் கொஞ்சமும் நம்பாதவர். மேகத்தில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் வேறு பாடத்து ஆசிரியர்கள்.

குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து, எதிர்காலத் தொழில்நுட்பம் பற்றிய தொடக்க உரை ஆரம்பிக்கும்போது திரை நீலமாக நிற்கிறது. விருந்தினரின் லேப்டாப்பில் இருப்பது ஹெச்.டி.எம்.ஐ.; அரங்கத்து புரொஜெக்டருக்குத் தெரிந்தது வி.ஜி.ஏ. மட்டும். வி.ஜி.ஏ.வை ஐ.பி.எம். கொண்டுவந்தது 1987இல். பவர்பாயிண்ட் முதலில் விற்பனைக்கு வந்ததும் அதே 1987இல்தான், அதுவும் ஆப்பிளின் மேக்கின்டாஷுக்காக. அந்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் அதை 1.4 கோடி டாலருக்கு வாங்கிப் போட்டது. ஆக, எதிர்காலம் பற்றிய உரை கிளம்ப வேண்டுமானால் 1987 முதலில் ஒத்துழைக்க வேண்டும். முன்வரிசை தலைகள் திரும்பித் தேடுகின்றன. நம்மவர் கன்வெர்ட்டரோடு மேடை ஏறுகிறார். இரண்டு நாளில் அவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய கைதட்டல் அதுதான்.

அடுத்து பேசும் பேராசிரியருக்கு வேறு சோதனை. வீட்டில் பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கல்லூரிக் கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கிறது. தமிழ்99 விசைப்பலகை வந்தது 1999இல். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல். ஆணை கோப்பில் இருக்கிறது, பாமினி விரலில் இருக்கிறது. பேராசிரியர் அசரவில்லை. "இங்கே என்ன எழுதியிருக்கிறேன் என்றால்..." என்று ஒவ்வொரு ஸ்லைடுக்கும் பொழிப்புரை சொல்லி முடிக்கிறார். ஸ்லைடைப் பார்த்து அப்படியே வாசிக்க முடியாமல் போனதால், அன்றைய உரைகளில் கேட்கும்படி இருந்தது அது ஒன்றுதான்.

பாஸ்வேர்டு பாதுகாப்பு பற்றிப் பேச வந்தவர் மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார். இப்படி அடிக்கடி மாற்றும் வழக்கம் பரவக் காரணமானது, அமெரிக்கத் தரநிலை நிறுவனத்துக்காக பில் பர் என்பவர் 2003இல் எழுதிய வழிகாட்டி. 2017இல் அந்த நிறுவனமே, கசிந்ததற்கு அறிகுறி இல்லாமல் யாரையும் மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டது. பர்ரும் பத்திரிகையில் வருத்தம் தெரிவித்தார். நம்மவருக்கு இது தெரியும். எழுந்து கேட்கலாம்தான். ஆனால் பேசுபவர் செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வராக வரக்கூடியவர். மேலும், லேப் பாஸ்வேர்டை இவரே மானிட்டரில் சீட்டெழுதி ஒட்டியிருக்கிறார்.

உண்மையான மாநாடு டீ இடைவேளையில் நடக்கிறது. சமோசாவைக் கடித்தபடி நான்கு கம்ப்யூட்டர் சார்களும் ஒரு கம்ப்யூட்டர் மேடமும் கூடி நிற்கிறார்கள்.

"யு.பி.எஸ். பேட்டரி போய் ஒரு வருஷமாச்சு மேடம். கரண்ட் போனா பசங்க எழுதின புரோகிராமும் போயிடுது."

"எங்க ஸ்கூல்ல எலி ஒயரையே கடிச்சிடுச்சு சார். எழுதிக் கேட்டா, எலிக்கு ஹெட் ஆஃப் அக்கவுண்ட் இல்லைங்கிறாங்க."

பேச்சு பாடநூலுக்குத் தாவுகிறது. சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010இல் வாங்கி, அதன் ஸ்டார் ஆபீஸ் மென்பொருளுக்கு மூடுவிழா நடத்திய பிறகும், நம் பிளஸ் டூ பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் அதைப் படித்துத் தேர்வெழுதினார்கள். 2019இல் புதுப் புத்தகம் வந்தது. பைத்தான் வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். கூடவே கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் பேஜ்மேக்கரும் வந்தது. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு வெளியானது 2001இல், அந்தப் பிள்ளைகள் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால். சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே, பேஜ்மேக்கரை எந்த விண்டோஸில் எப்படி ஓட வைப்பது என்று மேடம் சொல்லச் சொல்ல, நம்மவர் குறித்துக்கொள்கிறார். மாநாட்டு நோட்டில் பேனா பட்ட ஒரே பக்கம் அது.

கடைசி அமர்வு, பொய்ச் செய்தியை அடையாளம் காண்பது. நிஜமாகவே நல்ல உரை. பிறகு குரூப் போட்டோ, சான்றிதழ், வாட்ஸ்அப் குழு. இரவு பத்து மணிக்குக் குழுவின் முதல் ஃபார்வேர்டு வருகிறது: நம் தேசிய கீதமே உலகில் சிறந்தது என யுனெஸ்கோ அறிவிப்பு, ஒவ்வோர் இந்தியருக்கும் பகிரவும். யுனெஸ்கோ 2008லேயே மறுத்த செய்தி. அனுப்பியவர் மாநாட்டு ஒருங்கிணைப்பாளர். நம்மவர் 'பொய்' என்று தட்டி, அழித்து, கும்பிடும் கை ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டுப் படுக்கிறார்.

மறுநாள் ஹைடெக் லேபில் அதே ஃபார்வேர்டு திரையில் பெரிதாக நிற்கிறது. எங்கே தேடுவது, மூலம் எது, தேதி என்ன என்று ஒன்பதாம் வகுப்புக்கு அழகாகப் பாடம் நடக்கிறது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கை தூக்குகிறான்.

"சார், இதை உங்களுக்கு யார் சார் அனுப்புனது?"

"அது போர்ஷன்ல இல்லடா. உட்காரு."