அலாரம் அத்தான்

ஆடி ஆவணி விடுமுறைக்குச் சீனன்குடாவில் வந்திறங்கும் வெளிநாட்டுக்காரரில் அலாரம் அத்தான் தனி ரகம். மற்றவர்கள் வந்ததும் கிணற்றடிக்குப் போவார்கள், மாமரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், மாபிள் பீச்சுக்கு எப்போது போகலாம் என்று நச்சரிப்பார்கள். இவர் வீட்டு முகட்டைப் பார்ப்பார்.

“மாமி, இந்த வீட்டில ஒரு ஸ்மோக் அலாரமும் இல்லையே!”

மாமியும் முகட்டைப் பார்த்துவிட்டு, “ஒட்டடைதான் இருக்கு தம்பி. நாளைக்கு ஆள் பிடிச்சு அடிப்பம்” என்பார்.

ஸ்காபரோவில் இவர் வீட்டில் அலாரம் உண்டு. ஒன்ராறியோவில் ஒவ்வொரு மாடியிலும் படுக்கை அறைகளுக்கு வெளியிலும் அது இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அங்கே அதைப் பூட்டியவர் வேறு யாரோ. அத்தானுக்கும் அதற்கும் உள்ள ஒரே உறவு, மனைவி கடுகும் செத்தல் மிளகாயும் தாளிக்கும்போது ஓடிவந்து அதன் கீழே நின்று துவாயால் விசிறுவதுதான். வருடக்கணக்காக விசிறிய அனுபவத்தில் தன்னை ஒரு தீத்தடுப்பு நிபுணராகவே நம்பத் தொடங்கிவிட்டார்.

அவருடைய பயத்தைக் குறை சொல்ல முடியாது. 2021 கடைசியில் நாட்டின் பல இடங்களில் காஸ் அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்த செய்திகள் வந்தபோது அவருக்கு அங்கே நித்திரை போய்விட்டது. போதாததற்கு மாமியின் வீடு இருப்பது சீனன்குடாவில். அங்கே பிரிட்டிஷ்காரர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்க் குதங்கள் காட்டுக்குள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் திருமலையில் குண்டு போட்டபோது ஒரு விமானம் குதமொன்றின் மேல் விழுந்து, நெருப்பு ஏழு நாள் எரிந்ததாம். கலியாணம் கட்டின புதிதில் மாமனார் சொன்ன இந்தக் கதை அத்தானின் மனதில் இன்னும் அணையவில்லை. ஆகவே சொக்கிளேற்றுக்கும் வாசனைச் சோப்புக்கும் நடுவில் பொதிந்து ஒரு புகை அலாரம் கொண்டுவந்தார்.

பாவம், கொண்டுவந்ததே பிழையான சாமான். புகை அலாரத்துக்குக் காஸ் கசிவது தெரியாது. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு நிலமாகத் தேங்கும். அதைக் கண்டுபிடிக்க வேறு கருவி இருக்கிறது. அதைப் பூட்டுவதும் நிலத்துக்குக் கிட்ட. இதை அத்தானிடம் சொல்லப் போனால், “இது நல்ல கொம்பனிச் சாமான், தெரியுமோ?” என்று பெட்டியைத் தூக்கிக் காட்டுவார். பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தை மட்டும் வாசிக்க மாட்டார்.

பூட்டும் இடத்துக்கும் தர்க்கம் உண்டு. நெருப்பு எங்கே இருக்கிறது? குசினியில். அப்படியென்றால் மணி எங்கே இருக்க வேண்டும்? குசினியில், அடுப்புக்கு நேர் மேலே. ஏணி வைத்து ஏறித் தீராந்தியில் இரண்டு ஆணியை முறுக்கிவிட்டு இறங்கினார். மாமியோ 2022 காஸ் தட்டுப்பாட்டில் விறகுக்குத் திரும்பியவர்; காஸ் வந்த பிறகும் மீன் குழம்பு மட்டும் விறகில் வைத்தால்தான் அவருக்குத் திருப்தி.

முதல் அலறல் காலையில், புட்டுக் குழலிலிருந்து ஆவி எழும்பிய நேரம். ஒழுங்கை முழுக்கத் திரண்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு நானா தண்ணீர் வாளியோடு வந்தார். எதிர் வீட்டு ஆச்சி அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு செருப்போடு தயாராக நின்றார். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த கரையோரம் இது. சத்தம் கேட்டால் முதலில் ஓடுவது, காரணத்தைப் பிறகு கேட்பது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திரா பக்கம் 8.6 அளவில் நிலம் நடுங்கி, சுனாமி எச்சரிக்கை வந்தபோதும் எல்லாரும் ஓடினார்கள். கடல் வரவில்லை. ஓடியதற்காக யாரும் கவலைப்படவும் இல்லை. அத்தான் விறாந்தையில் நின்று, “பார்த்தீங்களோ, எவ்வளவு நுட்பமா வேலை செய்யுது!” என்று விளக்கம் கொடுத்தார். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் மிளகாய் பொரிந்தது, அலறியது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டார்கள், அலறியது. மாலையில் நுளம்புத்திரி கொளுத்தினார்கள், அதற்கும். நடுச்சாமத்தில் ஒருவரும் ஒன்றும் கொளுத்தாமலே அலறியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு சின்னப் பூச்சி. ஒவ்வொரு முறையும் அத்தான் துவாயோடு ஓடினார். கடல் கடந்து வந்தும் உத்தியோகம் மாறவில்லை.

கருவியில் பழுது எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருளைத் துளியளவு வைத்து உள்ளே மெல்லிய மின்னோட்டத்தை ஓடவிடுவது. புகைத்துகள் புகுந்தால் ஓட்டம் குறையும், மணி அடிக்கும். இதன் தொடக்கமே ஒரு தற்செயல்: 1930களில் வால்ட்டர் யேகர் என்ற சுவிஸ்காரர் நச்சு வாயுவைக் கண்டுபிடிக்கக் கருவி செய்து, அது அசையாத சலிப்பில் சிகரெட் பற்றவைக்க, முள் அசைந்ததாம். பொரியல் தாளிதத்தின் நுண்ணிய துகளுக்குச் சட்டென்று துள்ளுவது இந்த வகைதான். அத்தான் கொண்டுவந்ததும் இதுவே. மற்றது ஒளிக்கற்றையை வைத்துப் புகையைப் பிடிப்பது. அது தாளிதத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பஞ்சு மெத்தைக்குள் கனன்று கொண்டிருக்கும் நெருப்பை இதுதான் முந்திக் காட்டும். தூசி, நீராவி, பூச்சி என்றால் இரண்டுமே ஏமாறும்.

மூன்றாம் நாள் அலறியபோது ஒழுங்கையில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நானா மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, “இண்டைக்குப் பாரை மீன் பொரியல் போல!” என்றார். உண்மையாகவே பாரை மீன்தான்.

அத்தான் விமானம் ஏறியதும் மருமகப் பிள்ளையொன்று அலாரத்துக்கு ஒரு சொப்பிங் பையைக் கட்டிவிட்டது. வீடு அமைதியானது. சில மாதம் கழித்துப் பற்றரி இறங்கி, நிமிஷத்துக்கொரு தடவை ‘கீச்’ என்று கத்தத் தொடங்கியது. பல்லிதான் சொல்லுகிறது என்று மாமி பஞ்சாங்கத்தை எடுத்துத் திசை பார்த்தார். தெற்கு. பலன் சரியில்லை. அதோடு பையை அவிழ்த்துப் பற்றரி இரண்டையும் கழற்றிவிட்டார். கொஞ்ச உயிர் மிச்சமிருந்ததால் அவை தொலைக்காட்சி ரிமோட்டுக்குப் போயின. வீடியோ அழைப்பில் அத்தான், “அலாரம் இருக்கோ மாமி?” என்று கேட்கும் போதெல்லாம், “அங்கயேதான் இருக்கு தம்பி” என்பார். பொய் சொல்லும் பழக்கம் மாமிக்கு இல்லை.

என்னைக் கேட்டால் இரண்டு பேரிலும் மாமி செய்ததுதான் பெரிய ஆபத்து. அலாரமே இல்லாத வீட்டில் ஆட்கள் கவனமாக இருப்பார்கள். பற்றரி இல்லாத அலாரத்தை நம்பி உறங்குகிறவர்களை எழுப்ப யாருமில்லை. ஆனால் மாமியை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டவர் அத்தான்.

ஆகவே அத்தான்மாரே, அடுத்த முறை வரும்போது குசினிக்கு வெப்ப அலாரம் கொண்டுவாருங்கள். அது புகையைச் சட்டை செய்யாது. 58 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால்தான் வாய் திறக்கும். ஸ்கொட்லாந்தில் 2022 பெப்ரவரியிலிருந்து குசினிக்கு அதைத்தான் சட்டமாக வைத்திருக்கிறார்கள். புகை அலாரம் ஒளி வகையாக இருக்கட்டும். அடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளி, படுக்கை அறை வாசலில், மின்விசிறிக் காற்று படாத இடத்தில் பூட்டுங்கள். சாமி அறைப் பக்கம் வேண்டாம். ஒட்டடை அடிக்கிற நாளில் அதன் தூசியையும் தட்டச் சொல்லுங்கள். பத்து வருடமானால் புதிதாக மாற்ற வேண்டும் என்று அதன் மேலேயே ஆண்டை எழுதிவையுங்கள். தீயணைப்புக்கு 110 என்று குசினிச் சுவரில் பெரிதாக எழுதிவிடுங்கள். ரிமோட்டுக்குத் தனியாக ஒரு சோடி பற்றரி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.