பெருங்குடலுக்கும் ஒரு இலை போடுடா, பேராண்டி

ஏண்டா பேராண்டி, ஜீன் சோதனைக்குன்னு குழாய்க்குள்ள எச்சி துப்பி அனுப்புனியாமே? நம்ம பரம்பரையிலேயே காசு கட்டித் துப்பின மொதல் ஆளு நீதான். நாங்கெல்லாம் சும்மாவே துப்பினோம். ரிப்போர்ட்டு வந்ததும், "எல்லாம் தாத்தா கொடுத்த ஜீன்"னு உங்கம்மாகிட்ட சொன்னியாம். உன் வயிறு ஊதினதுக்கும் நானா பொறுப்பு? ராத்திரி பதினோரு மணிக்கு நம்ம வாசல்ல எத்தனை பரோட்டாப் பொட்டலம் வந்து எறங்குதுன்னு அசோக் பில்லர் மேல நாலு திக்கும் பார்த்துக்கிட்டு நிக்கிற சிங்கங்களைக் கேளு.

ஜீன் என்னுதுதான், இல்லேங்கல. ஆனா நான் குடியாத்தத்துல லுங்கி நெஞ்சவன். நூல் இருந்தா மட்டும் துணி வந்துடாது. உன் தங்கச்சி சத்தம் போட்டுப் படிக்கிறப்ப காதுல விழுந்தது: ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரெண்டு மீட்டர் நீளத்துக்கு டி.என்.ஏ. இருக்காம். ஹிஸ்டோன்னு ஒரு புரதத்து மேல, தார்ல நூல் சுத்தின மாதிரி சுத்திக் கெடக்குதாம். இறுக்கிச் சுத்தின எடத்துல ஜீன் இருந்தும் ஒண்ணுதான், இல்லேன்னாலும் ஒண்ணுதான். தளர்ந்த எடத்துலதான் வேலை நடக்கும். ஹிஸ்டோன் மேல அசிட்டைல்னு ஒரு ஒட்டு விழுந்தா தளரும். அதைப் பிச்சிப் போடுறதுக்குன்னே ஒரு நொதி அலையுது.

அந்த நொதியைத் தடுத்து நிறுத்துறது பியூட்டிரேட்டுன்னு ஒரு அமிலம். நீ செரிக்க முடியாம கீழே விட்ட நாரையும் மாவையும் பெருங்குடல்ல இருக்கிற கிருமிங்க தின்னு, புளிக்க வச்சு, அதை உண்டாக்கிக் கொடுக்குது. குடல் சுவர்ல இருக்கிற செல்லுங்களுக்குச் சோறும் அதுதான். கெட்டுப்போன வெண்ணெய் நாத்தம் அடிக்கும்னா உன் தங்கச்சி. நீ பூசிக்கிற சென்ட்டைத் தாங்கின மூக்குக்கு இதென்ன பெருசு! வீக்கத்தை அடக்குற காவல் செல்லுங்களுக்கான ஜீனை இந்த அமிலம் முடுக்கிவிடுறதை 2013ல எலிங்ககிட்டக் காட்டியிருக்காங்க.

மனுசங்க கதையும் உண்டு. 2015ல வெளிவந்த ஆராய்ச்சியில, அமெரிக்கக் கறுப்பினத்தார் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் ரெண்டு வாரம் இலையை மாத்திக்கிட்டாங்க. கிராமத்துச் சாப்பாடு சாப்பிட்ட அமெரிக்காக்காரங்களுக்குப் பியூட்டிரேட் கூடி, குடல்ல வீக்கம் கொறைஞ்சுது. பர்கர் பக்கம் போன கிராமத்தாருக்கு எல்லாம் தலைகீழ். ரெண்டே வாரம்டா! உன் ஜிம்மு கட்டணமே வருசத்துக்கு.

நம்ம வேலூர்ல இன்னும் முன்னாடியே இதுக்குப் பக்கத்துல வந்துட்டாங்க. சி.எம்.சி.யில பி.எஸ். ராமகிருஷ்ணா டாக்டரும் அவரோட ஆளுங்களும் 48 காலரா நோயாளிங்களைப் பார்த்து, 2000த்துல எழுதினாங்க. வழக்கமான உப்பு சர்க்கரைக் கரைசல் மட்டும் குடிச்சவங்களுக்குப் பேதி நிக்கச் சராசரி 91 மணி நேரம் ஆச்சு. சிறுகுடல்ல செரிக்காத மக்காச்சோள மாவு கலந்து குடிச்சவங்களுக்கு 57. மாவு கீழே போய் அமிலமாச்சு, அமிலம் உப்பையும் தண்ணியையும் உறிஞ்ச வச்சுது. அது ஜீனுக்காகப் பண்ணின வைத்தியமில்லே. ஆனா பெருங்குடலும் சாப்பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்குன்னு காட்டின வைத்தியம்.

நீ அதுக்கு என்ன அனுப்புற? மைதா முக்கால்வாசி மேலேயே கரைஞ்சிடுது. கீழே இருக்கிற கிருமிங்க பாவம், பந்தி முடிஞ்சப்புறம் வந்தவங்க. கேவுரு களி, மொச்சை, கீரைத்தண்டு, வாழைப்பூ, இதெல்லாம் அதுங்க வரைக்கும் போய்ச் சேரும். பழைய சோறும் ஆகும்; ஆறின சோத்துல செரிக்காத மாவு கொஞ்சம் கூடும். கொஞ்சம்தான்! அதைக் கேட்டுட்டு ஒரு குண்டான் ஊத்திக்கிட்டா உன் சர்க்கரை ஏறத்தான் ஏறும், அப்பவும் என் ஜீனைத்தான் திட்டுவே.

ஒண்ணு சொல்லிடுறேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டிக்காதே. கிருமிங்க பழகுற வரைக்கும் காத்தா வெளிய வரும். நாளைக்குக் காலையில கண்ணாடிக் கதவை மூடி, ஏசி போட்டு, எட்டுப் பேரோட மீட்டிங்னு சொன்னியே? அப்ப மொச்சையைச் சனிக்கிழமை வச்சுக்கலாம்.