பனியன் பிரபுக்கள்

"பனிக்குப் போடுறதாலதான் அது பனியன்" என்பது எங்கள் மாமாவின் கண்டுபிடிப்பு. திண்டுக்கல்லில் பனி வேண்டுமென்றால் கொடைக்கானல் பஸ்ஸுக்குத்தான் போய் நிற்க வேண்டும். சித்திரையில் மலைக்கோட்டைப் பாறை காய்கிற காய்ச்சலுக்குப் பனியனே பாரம்.

உண்மையில் அது ஆளின் பெயர். குஜராத்தியில் வியாபாரிக்கு வாணியோ என்று பெயர். போர்த்துக்கீசியர் வாயில் நுழைந்து, ஆங்கிலேயர் வாயில் வெளிவந்தபோது அது பனியன். குஜராத் பக்கமிருந்து வந்த சௌராஷ்டிர நெசவாளர்கள் எங்கள் நாகல் நகருக்கு வந்துவிட்டார்கள். சொல்தான் லண்டன் வரை சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது.

வழியில் சும்மா வரவில்லை. பாரசீகக் கரையில் அந்த வியாபாரிகள் கூடிய ஆலமரம் பனியன் மரமானது. அவர்கள் கறி தின்னமாட்டார்கள் என்பதால், பிரிட்டிஷ் கப்பற்படையில் கறி போடாத கிழமைக்குப் 'பனியன் நாள்' என்று பெயர் விழுந்தது. பிரியாணிக்குப் பேர்போன எங்கள் ஊரில் அப்படி ஒரு நாளை அறிவித்தால் கலெக்டர் ஆபீஸில் மறியல்தான். புரட்டாசிச் சனிக்கிழமைகளையே பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுகிறவர்கள் நாங்கள்.

உடைக்கு அந்தப் பெயர் வந்தது தனிக் கதை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கனவான்கள் வீட்டில் போட்டுக்கொண்ட தொளதொள அங்கிதான் பனியன். 1666-இல் லண்டன்வாசி சாமுவேல் பெப்பீஸ், தன்னைப் படம் வரைவதற்காக ஓர் இந்திய அங்கியை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இதைக் கேட்டதும் மாமா நெஞ்சை நிமிர்த்தினார்: "வாடகைக்கா? நமக்கெல்லாம் சொந்தப் பனியன், மாப்ளே!"

இப்படித் தளர்ந்த உடை மூளையை நன்றாக வேலை செய்ய வைக்கும் என்று அமெரிக்க வைத்தியர் பெஞ்சமின் ரஷ் எழுதிவைத்தார். இந்தியாவில் அந்த அங்கி சட்டைக்குள்ளே போய்விட்டது. 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே பனியன் என்றால் உள்சட்டைதான்.

அகராதி சொன்னால் சொல்லட்டும், திண்டுக்கல்காரருக்குப் பனியன் வெளிச்சட்டை. ரஷ் சொன்னதற்குச் சாட்சி வேண்டுமென்றால் சாயங்காலம் எந்தத் தெருவுக்கும் வரலாம். பகலெல்லாம் சட்டையோடு மேலதிகாரிக்குத் தலையாட்டியவர், பனியனுக்கு மாறி வாசலில் நாற்காலியைப் போட்டுவிட்டால், பட்ஜெட்டை நிதியமைச்சருக்கே திருத்திக் கொடுப்பார். விருந்தாளி வந்தால் தோளில் ஒரு துண்டு ஏறும். மரியாதைக்கு அது போதும்.

வேடசந்தூர் பக்கத்து மில்லில் நூலாகி, திருப்பூரில் பனியனாகி வந்து சேர்ந்ததை லேசில் விடமாட்டார்கள். "காத்து வரட்டும்" என்று ஓட்டைகளுக்கும் நியாயம் உண்டு. கழுத்து எது, கை எது என்று தெரியாத கட்டம் வந்ததும் அத்தைமார் தலையிட்டு, மெக்கானிக் கடைக்கு 'பனியன் வேஸ்ட்' ஆக அனுப்பிவைப்பார்கள். இத்தனை நாள் மூளையை ஓடவைத்த துணி, அங்கே வண்டியை ஓடவைக்கும். பலன் கண்ணுக்குத் தெரிவது என்னவோ வண்டியில்தான்.